மழை விட்ட மணி

விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டு போக மதராஸிலிருந்து ஒரு ஆளை அனுப்புவார்கள் என்று யார் நினைத்தது? செத்தவர்களை எண்ணுவதற்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு பியூன்தான் வந்தான். வாசலில் நின்றபடியே பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டான். மரங்களுக்கு வந்தவரோ திசைகாட்டி, அளவு நாடா, தோல்பை, கறுப்புக் குடை என்று சகல சாமான்களோடும் வந்தார். பெயர் ஜியாவுதீன். வானிலை ஆபீசில் உத்தியோகம். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். குடியாத்தம், திருப்பத்தூர், வாணியம்பாடி எல்லாம் சுற்றிவிட்டு, புயல் அடித்த ஒன்பதாம் நாள் காலை ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கி, நேராக எங்கள் தோல் ஷாப்புக்கு வந்தார்.

"இந்த ஊர்ல பாராமீட்டர் இருக்கற இடம் இது ஒண்ணுதான்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. பார்த்துக்கறது யாரு?"

"நான்தாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது.

என் பெயர் தணிகைவேல். குடியாத்தத்தில் தறிக்குழியில் கால் வைக்க மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து, மக்பூல் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் டைம் கீப்பராகச் சேர்ந்தவன். மகாயுத்தம் முடிந்த வருஷம் சேர்ந்தேன். புயல் வந்தபோது ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆட்கள் வந்ததை எழுதுவதும், முற்றத்து மணியை அடிப்பதும், பாராமீட்டரைப் பார்ப்பதும் என் வேலை.

தோல் ஷாப்பில் காற்றழுத்தம் காட்டும் பாராமீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பதனிட்ட தோலை மாடியில் தொங்கவிட்டுக் காயவைக்கும்போது ஒரு சாரல் பட்டாலும் கறை விழுந்துவிடும். கறை விழுந்த தோலைச் சீமைக்காரன் தொடமாட்டான். ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது ஏலத்தில் விட்ட கருவியைச் சாயபு வாங்கிவந்து என் அறைச் சுவரில் மாட்டினார். வட்டமான கண்ணாடி, அதற்குள் ஒரு முள். இறங்கினால் புயல், மழை. ஏறினால் தெளிவு. கருவியைச் செய்தவன் அதைக் கண்ணாடிக்குள்ளேயே இங்கிலீஷில் எழுதியிருந்தான். ஊரிலேயே அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. இப்போது நினைத்தால் அந்தத் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. மழை வந்தால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மழை விட்டதும் முற்றத்து மணியை நிதானமாக, எண்ணி ஆறு முறை அடிப்பேன். மழை விட்ட மணி என்று அதற்குப் பெயர். அதைக் கேட்டதும் கையிலிருக்கிற சோற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாடியேறி, நனைந்த தோலை எடுத்து மாற்றிப் போடவேண்டும். முதலில் வருகிற பத்துப் பேருக்குத்தான் அன்றைக்கு மிச்ச வேலை. பிந்தி வருகிறவனைச் சத்தார் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அந்த மணிக்கு யாரும் நடந்து வந்ததில்லை.

புயல் அன்று அந்த மணியை அடித்தவன் நான். அது எனக்கும் சத்தார் மேஸ்திரிக்கும் மட்டும்தான் தெரியும். சத்தார் செத்துப்போனார்.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கடைசி. விடிந்ததிலிருந்தே முள் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்பினோம். காற்று வடக்கிலிருந்து வந்ததால் மாடியின் வடக்குப் பக்கத்துப் பலகைக் கதவுகளை எல்லாம் அடைத்து, தெற்குப் பக்கத்தைத் திறந்து வைத்தோம். காற்று வருகிற பக்கத்தை மூடு, எதிர்ப்பக்கத்தைத் திற என்பது மாடி கட்டிய நாளிலிருந்து நடக்கிற முறை. இரண்டும் மூடியிருந்தால் ஓடு எழும்பிவிடும். மதியத்துக்கு மேல் பக்கத்துத் தோப்பில் தென்னைகள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் கேட்டது. கம்பத்தில் தொங்கிய மணி தானாகவே தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. நானும் சத்தாரும் என் அறையில் கருங்கல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அவர் ஓதிக்கொண்டிருந்தார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பத்துக்கு எல்லாம் நின்றுவிட்டது. கத்தியால் நறுக்கினது போல நின்றது. மணியின் நாக்கு இரண்டு ஆட்டம் ஆடி ஓய்ந்தது. வெளியே வந்தால் தலைக்கு மேல் நீல வானம், வெயில். முற்றத்துச் சேற்றில் வெள்ளையாக இரண்டு மூன்று பறவைகள் கால் மடக்கி உட்கார்ந்திருந்தன. கிட்டே போனாலும் பறக்கவில்லை.

"இன்னா டைம் கீப்பரே, வுட்டுச்சா?" என்றார் சத்தார். "மேல இருக்கற அம்மாம் தோலும் நனைஞ்சி கெடக்குது. சாயபு வந்தா பேஜாராய்டும். மணி அடிங்க."

நான் உடனே அடித்துவிடவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல். "முள் ஏறட்டும். ஏறாம அடிக்கமாட்டேன்" என்றேன். கால் மணி நேரம் கண்ணாடியின் முன்னாலேயே நின்றேன். முள் அடிமட்டத்தில் கிடந்தது. மூன்று இருபத்தாறுக்கு ஒரு மயிரிழை ஏறியது. விரலால் தட்டிப் பார்த்தேன். இன்னொரு மயிரிழை ஏறியது.

"ஏறிடுச்சு மேஸ்திரி. நான் சொல்லல?" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைவிருக்கிறது.

மூன்று இருபத்தெட்டுக்கு ஆறு முறை அடித்துவிட்டு, நேரத்தைப் புத்தகத்தில் எழுத உள்ளே போனேன். ஆட்கள் ஓடி வந்ததையும் மாடி ஏறியதையும் நான் பார்க்கவில்லை. நான் என் முள்ளின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஏழு நிமிஷம் கழித்துத் தெற்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திறந்து கிடந்த தெற்குப் பக்கத்தில் காற்று நுழைந்தது, வடக்கே வெளியேற வழியில்லை. மாடி முழுக்க அப்படியே எழும்பி உட்கார்ந்தது. சத்தாரையும் சேர்த்து மேலே போன பத்துப் பேரில் ஒருத்தன் மட்டும் படியில் நின்றதால் பிழைத்தான். மீதி ஒன்பது பேரும் போய்விட்டார்கள்.

மறுநாள் மதியம் கடைசி உடலை எடுத்தபோது மக்பூல் அகமது சாயபு சேற்றில் உட்கார்ந்து அழுதார். "நான் யாரையும் கூப்பிடச் சொல்லலியே. மணி எப்படி அடிச்சது, தணிகை?" என்று கேட்டார்.

"மதியத்துலேர்ந்து காத்துல தானாதான் அடிச்சிக்கிட்டு இருந்துச்சுங்க" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, காத்துக் கருப்பு வந்து மழை விட்ட மணியை எண்ணி ஆறு அடித்து ஆளைக் கூப்பிட்டது என்று ஆகிவிட்டது. சாயபு மணியின் நாக்கைத் தோல் வாரால் கட்டிவைத்தார். அதன் பக்கத்தில்கூட யாரும் போகவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது என்பதை மறைத்து என்ன பயன்?

ஜியாவுதீன் என் புத்தகத்தைப் புரட்டி, புயல் அன்றைய பக்கத்தில் விரலை வைத்தார். 'மூணு பத்து, காற்று நின்றது. மூணு இருபத்தாறு, முள் ஏற்றம். மூணு இருபத்தெட்டு, மணி. மூணு முப்பத்தஞ்சு, தெற்குக் காற்று.' மனுஷன் குதிக்காத குறை.

"தங்கம் சார் இது! வாணியம்பாடியில எல்லாரும் அஸர் பாங்கு சொன்ன நேரத்துல காத்து நின்னுச்சுங்கறாங்க. அது நாலு மணி சுமாருக்கு. இங்க மூணேகால். அப்போ புயல் எவ்வளவு வேகத்துல நகர்ந்துதுன்னு சொல்லிடலாம். நீங்களும் என்னோட வாங்க. ஊரைத் தெரிஞ்ச ஆள் வேணும்."

போனேன். மாட்டேன் என்று சொன்னால் சந்தேகம் வரும் என்று பயந்துதான் போனேன்.

தோப்பில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, மரத்தின் தலை எந்தப் பக்கம் என்பதுதான். குடியாத்தத்தில் மரமெல்லாம் மேற்கே பார்த்து விழுந்திருக்கிறது. திருப்பத்தூரில் எல்லாம் கிழக்கே. இங்கேயோ ஒரு தென்னை தெற்கே தலைவைத்துக் கிடந்தது, அதன் மேலேயே குறுக்காக இன்னொன்று வடக்கே தலைவைத்துக் கிடந்தது. ஜியாவுதீன் அந்த இடத்தில் குடையை ஊன்றிவிட்டு நின்றார்.

"கீழ கிடக்கறது முதல் காத்துல விழுந்தது. மேல கிடக்கறது ரெண்டாவது காத்துல. புயல்ங்கறது செக்கு சுத்தற மாதிரி சுத்திக்கிட்டே வருது. நடுவுல ஒரு ஓட்டை. அதுக்குக் கண்ணுன்னு பேரு. அங்க காத்தே இருக்காது, வெயில்கூட அடிக்கும். கடல்லேர்ந்து பறவைங்க அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்துடும். கண்ணு உங்க ஊர் மேலயே போயிருக்கு. இந்தப் பக்கத்து வரம்பு போனதும் அந்தப் பக்கத்து வரம்பு வருது, நேர் எதிர்த்திசையில. இவ்வளவு உள்ள வந்தும் கலையாம இருந்திருக்கு பாருங்க, அதிசயம்."

அதிசயமாம்.

"முள் ஏறினா தெளியும்னு கண்ணாடியிலேயே எழுதியிருக்குதே" என்றேன். குரல் எனக்கே யாரோ பேசுவது போலிருந்தது.

"அதைச் செஞ்சவன் அவன் ஊர்த் தூறலுக்கு எழுதினது சார். கண்ணுக்குள்ள முள் அடிமட்டத்துல இருக்கும். ஏற ஆரம்பிச்சா கண்ணு முடியப் போகுதுன்னு அர்த்தம். பின்பக்கத்துக் காத்து வந்துக்கிட்டே இருக்கு, ஓடிப்போய் ஒளிஞ்சுக்கோங்கறதுதான் அது சொல்றது." அவர் பேசிக்கொண்டே பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டார். "பாவம், அது யாருக்குத் தெரியும்?"

இடிந்த மாடிக்கும் வந்து பார்த்தார். ஓடு முழுக்க வடக்கே கொட்டிக் கிடந்தது. சுவர் வடக்கே சாய்ந்திருந்தது. 'இரண்டாம் காற்று' என்று எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் ஒன்பது பேர் கிடந்த கோலம் எனக்குத் தெரியும். அதற்கு அவர் நோட்டில் குறி எதுவும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நியாயமில்லாத கோபம்தான். அவர் யாரையும் கூப்பிட்டு மாடி ஏற்றவில்லை.

மதியத்துக்கு மேல், ஷாப்புக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிற தெருவுக்குப் போகலாம் என்றார். மணி அடித்தபோது காற்று இருந்ததா, இல்லையா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஊரில் யாரிடமும் கடிகாரம் இல்லை, ஆனால் மணியை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். மணியை வைத்துத்தான் எந்த வீட்டில் காற்று எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்று கணக்குப் போட முடியும். நான் தலைவலி என்றேன். "அஞ்சு நிமிஷம் சார்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

முதல் வீடே சவுரியம்மாளுடைய வீடு. அவள் புருஷன் சின்னப்பன், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவன், ஒன்பது பேரில் ஒருத்தன். கூரை போன வீட்டின் மேல் தென்னங்கீற்றைப் போட்டிருந்தார்கள். அவள் வாசலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் அவளுடைய மாமியார் தனியாக இன்னொரு அடுப்பு வைத்திருந்தாள். ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு அடுப்பு என்று ஜியாவுதீன் பார்த்தார். எனக்குத் தெரியும். காத்துக் கருப்பு கூப்பிட்ட மணிக்குப் புருஷனை அனுப்பிவைத்தவள் என்று மாமியார் அவள் கையால் வாங்கிச் சாப்பிடுவதில்லை. தெருவிலும் யாரும் அவளைக் கிணற்றில் முதல் குடம் எடுக்க விடுவதில்லை.

"அன்னிக்கு நடுவுல காத்து நின்னுச்சே, அப்போ நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார் ஜியாவுதீன்.

"இங்கதான் ஐயா. சுவரோரமா மூணு பேரும் குந்திக்கிட்டு இருந்தோம். திடுக்குனு நின்னுச்சு, வெயில் வந்துச்சு. ஊர்ல பார்க்காத பட்சி ஒண்ணு இதோ இங்க வுழுந்து கெடந்துச்சு. எங்க வூட்டுக்காரரு அதைத் தூக்கித் தண்ணி காட்டினாரு."

"மணி கேட்டீங்களா?"

"கேட்டேன் ஐயா."

"அப்போ காத்து கொஞ்சமாவது இருந்ததா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது முக்கியம்."

"இல்ல ஐயா. பசி பசின்னு சொன்னாரேன்னு ஈர வெறகுல அடுப்பு மூட்டினேன். பொகை நேரா மேல போச்சு. கொஞ்சங்கூட வளையல. அப்பத்தான் மணி கேட்டுச்சு. ஆறு. 'கஞ்சி குடிச்சிட்டுப் போறேன்'னாரு. நான்தான், 'போய்யா, பிந்திப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க'ன்னு தள்ளிவுட்டேன். இந்தக் கையாலதான் தள்ளினேன்."

"கருப்பு கூப்ட்டுது, இவ அனுப்பிவச்சா" என்றாள் மாமியார், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

ஜியாவுதீன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சவுரியம்மாள் தன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை லேசாக மேற்கே வளைந்து போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"மத்தியானமெல்லாம் அந்த மணி கண்டபடி அடிச்சுச்சு" என்றாள் மெதுவாக. "அது காத்துல. இது எண்ணி ஆறு. காத்தே இல்லாதப்போ மணியை எது ஆட்டுச்சு?"

"யாராவது அடிச்சிருப்பாங்கம்மா" என்றார் ஜியாவுதீன், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "இவர் நேரங்கூட எழுதி வச்சிருக்காரே. மூணு இருபத்தெட்டு."

பாவி மனுஷன், அவருக்கு ஒன்றும் தெரியாது. சவுரியம்மாள் என்னைப் பார்த்தாள். ஏழு வருஷமாக அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஷாப்பு வாசலில் புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் நான்கு அடி தள்ளி, தரையைப் பார்த்துத்தான் பேசுவாள். இப்போது நேராகப் பார்த்தாள். தப்பிக்க எனக்கு இன்னும் வழி இருந்தது. சத்தார் அடித்தார் என்று சொல்லியிருக்கலாம். செத்தவர் வந்து மறுக்கப் போகிறாரா? நாக்கு நுனிவரை வந்த அந்தப் பெயரை முழுங்கினேன்.

"நான்தாம்மா அடிச்சேன்" என்றேன். "முள் ஏறுச்சு. மழை வுட்டுடுச்சுன்னு நெனச்சேன். எனக்குத் தெரியாதும்மா."

ஜியாவுதீனின் பென்சில் நின்றது. மாமியார் திரும்பிப் பார்த்தாள். சவுரியம்மாள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ நான் அனுப்பல" என்றாள். "நீ கூப்ட்ட."

அவள் வாழ்நாளில் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் இருந்தது.

"எட்டு நாளா இந்தத் தெருவுல யாரும் என்னை மனுஷியா பார்க்கல. வூட்டு வாசல்ல வச்சி என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா பத்தாது. கெளம்பி வா."

"எங்கம்மா?"

"மணிகிட்ட. அன்னிக்கு அடிச்ச மாதிரியே அடி. எல்லாரும் வரட்டும். வந்தப்புறம் சொல்லு."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். முற்றத்தில் மக்பூல் அகமது சாயபு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணியின் நாக்கிலிருந்த வாரை நான் அவிழ்ப்பதைப் பார்த்து, "தணிகை, பைத்தியமா உனக்கு?" என்று எழுந்து வந்தார். சவுரியம்மாள் அவருக்கும் எனக்கும் நடுவில் போய் நின்றாள். அவர் நின்றுவிட்டார்.

ஆறு அடித்தேன். எண்ணி, நிதானமாக. இந்தத் தடவை உள்ளே போகவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரும் வரமாட்டார்கள், பயப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். கருப்பு அடித்த மணி என்று எட்டு நாளாகச் சொன்ன அதே ஜனங்கள், மணி கேட்டதும் கால் தானாகக் கிளம்பி ஓடிவந்தார்கள். ஒருத்தன் எச்சில் கையோடு வந்தான். ஒருத்தன் வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்தான். அவர்கள் ஓடிவருகிற வேகத்தை ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். சின்னப்பனும் இப்படித்தான் பசியோடு ஓடிவந்திருப்பான். வந்தவர்கள் மாடி இருந்த இடத்துக்கு முன்னால், ஏற மாடியில்லாமல், வழக்கம் போல வரிசையாக நின்றார்கள். முதல் பத்துப் பேர் முன்னால் நின்றார்கள்.

"இப்ப சொல்லு" என்றாள் சவுரியம்மாள்.